டோக்கன் எண்ணிலிருந்து நிரந்தரப் பணியாளர் எண்ணுக்கு மாறிய அனுபவம்

கோவைப் பகுதியில் இரண்டு யூனிட்டுகளுடன் இயங்கும் ஒரு நூற்பாலையில், தொழிலாளர் வருகையைப் பதிவு செய்யும் டைம் ஆபீஸில் பணிபுரிகிறேன். வருகைப் பதிவு, விடுப்பு, சம்பளம் ஆகிய மூன்றையும் ஒரே மனிதவள மென்பொருளுக்குள் கொண்டுவரும் பொறுப்பு 2023ஆம் ஆண்டில் என்னிடம் வந்தது. அந்த மென்பொருள் முதலில் கேட்டது ஒவ்வொருவருக்கும் ஒரு தனித்த எண். எங்களிடம் இருந்தவையோ, ஒவ்வொரு யூனிட்டும் தன் தொழிலாளர்களுக்குக் கொடுத்து வந்த டோக்கன் எண்கள்.

இரு யூனிட்டுகளும் 1இலிருந்து தனித்தனியாக எண்ணி வந்ததால், 214ஆம் டோக்கன் இருவரிடம் இருந்தது. அதைவிடப் பெரிய சிக்கல், வேலையை விட்டுச் சென்றவரின் டோக்கனை அடுத்து வருபவருக்குக் கொடுக்கும் பழக்கம். பழைய பதிவேடுகளைச் சோதனைக்காக ஏற்றியபோது, சேர்ந்து நான்கு ஆண்டுகள்கூட நிறையாத ஒரு பெண்ணுக்குப் பதினோரு ஆண்டுப் பணிக்காலம் காட்டியது; முன்பு அதே டோக்கனில் இருந்தவரின் ஆண்டுகள் அவர் கணக்கில் சேர்ந்துவிட்டன. அப்போது நடப்பில் இருந்த 1972ஆம் ஆண்டின் பணிக்கொடை (கிராஜுவிட்டி) சட்டப்படி ஐந்தாண்டுத் தகுதியும், ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்ற கணக்கும் பணிக்காலத்தை நம்பியே நின்றதால், ஒருவரின் ஆண்டுகள் இன்னொருவருக்குப் போவதை எழுத்துப்பிழை என்று ஒதுக்க முடியவில்லை. ஒருமுறை கொடுத்த எண்ணை எக்காலத்திலும் வேறொருவருக்குக் கொடுப்பதில்லை என்று அன்றே முடிவு செய்தோம்.

புதிய எண் எதற்கு, ஆதாரையோ வருங்கால வைப்பு நிதியில் ஒருவருக்கு ஒன்றே இருக்க வேண்டிய யூஏஎன் எண்ணையோ பயன்படுத்தலாமே என்று சிலர் கேட்டனர். அடையாள அட்டையிலும் விடுப்புப் படிவத்திலும் எல்லோர் கண்ணிலும் படும் எண்ணாக ஆதார் இருக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். யூஏஎன், முதன்முறை வேலைக்கு வருபவரிடம் சேரும் நாளில் இருப்பதில்லை. துறைக் குறியீட்டை எண்ணுக்குள் வைக்கும் யோசனையையும் ஏற்கவில்லை. ஸ்பின்னிங் துறையிலிருந்து வைண்டிங் துறைக்கு ஒருவர் மாற்றப்பட்ட மறுநாளே அந்த எண் பொய் சொல்லத் தொடங்கும்.

வருகைப் பதிவு இயந்திரம் எழுத்துகளை ஏற்காததால் வெறும் இலக்கங்களே போதுமென்று கொண்டு, ஆறு இலக்க எண்ணைத் தேர்ந்தோம். முதல் ஐந்தும் வரிசை எண். ஆறாவது, அவற்றிலிருந்து லூன் (Luhn) என்னும் கணக்கீட்டு முறைப்படி பெற்ற, எண்ணைப் பதியும்போது நேரும் பிழையைக் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்பு இலக்கம். ஆதாரின் கடைசி இலக்கமும் வேறொரு முறையில் இதே வேலையைத்தான் செய்கிறது. வெறும் வரிசை எண்ணில் ஓர் இலக்கம் பிசகினால் அது பெரும்பாலும் மற்றொரு தொழிலாளியின் எண்ணாகிவிடும். இப்போதோ அது எவருக்கும் உரியதல்லாத எண்ணாகிவிடுவதால் மென்பொருள் நிறுத்திவிடுகிறது. அடுத்தடுத்த இலக்கங்கள் இடம் மாறினாலும், 0, 9 ஆகிய இரண்டும் மாறும் நிலையைத் தவிர, பிழை பிடிபடும். மென்பொருள் தானாக எண் வழங்கும் வசதியில் சரிபார்ப்பு இலக்கத்துக்கு இடமில்லாததால், பட்டியலை முன்கூட்டியே விரிதாளில் (ஸ்ப்ரெட்ஷீட்) தயாரித்து ஏற்றினோம். எல்லா எண்களின் முதல் இலக்கத்தையும் 1 ஆக வைத்ததற்கும் காரணம் உண்டு: முன்னால் நிற்கும் பூஜ்ஜியத்தை விரிதாள் விழுங்கிவிடும். இஎஸ்ஐயின் 17 இலக்க நிறுவனக் குறியீட்டை அது எண்ணாகக் கருதியதால் கடைசி இரண்டு இலக்கங்களும் பூஜ்ஜியமாகிவிட்டன. அதன்பின் எல்லா நெடுவரிசைகளையும் உரை வடிவத்துக்கு மாற்றிய பிறகே தரவை ஒட்டினோம்.

அதிக நேரம் எடுத்தது, விலகிச் சென்று மீண்டும் சேர்ந்தவர்களைக் கண்டறியும் வேலை. பிரசவத்துக்காகவோ ஊர்த் திருவிழா முடியட்டும் என்றோ போனவர்கள் ஓராண்டு கழித்து வேறொரு டோக்கனில் சேர்ந்திருப்பார்கள். ஒரு பதிவில் எஸ். முருகன், மற்றொன்றில் முருகன் எஸ். தந்தை பெயர், பிறந்த தேதி, யூஏஎன் மூன்றையும் ஒப்பிட்டு, ஐயம் எழுந்தால் ஆளையே அழைத்துக் கேட்டோம். ஒரே ஆளுக்கு ஒரே எண், ஒவ்வொரு பணிக்காலமும் அதன்கீழ் தனிப் பதிவு என்று வைத்தோம்.

சிலருக்குப் பழைய எண்ணைப் பிரிய மனமில்லை. “முப்பது வருசமா நாப்பத்தேழுன்னா அது நான்தானுங்க சார்” என்றார் ஒரு மூத்த தொழிலாளி. பழைய டோக்கனுக்கெனத் தனிப் புலம் சேர்த்தோம். சம்பளச் சீட்டில் அதுவும் அச்சாகிறது.

இந்த ஒப்பீட்டில் மூன்று பேருக்கு இரண்டிரண்டு யூஏஎன் இருப்பதும் தெரிந்தது. இருவருடைய பழைய கணக்கு விரைவில் மாற்றப்பட்டது. மூன்றாமவரின் பிறந்த தேதி பழைய வேலையிடத்துப் பதிவிலும் ஆதாரிலும் வேறுபட்டதால், அதைத் திருத்திய பிறகே அவர் பணம் ஒரே கணக்குக்கு வந்தது.