நான்கு துறை மாணவர்கள், ஒரே மேசை, ஏழு மாத அலைச்சல்

மருத்துவம், செவிலியம், மருந்தியல், இயன்முறை மருத்துவம் ஆகிய நான்கு துறைகளின் இறுதியாண்டு மாணவர்களுக்கு ஆறு அமர்வுகள் கொண்ட கூட்டுப் பயிற்சியைச் சென்ற மாதம்தான் நடத்தி முடித்தோம். இதே பணியில் இறங்கவிருக்கும் ஆசிரியர்களுக்கு நான் வீணாக்கிய நாள்களாவது மிச்சமாகட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

துறைத் தலைவர்களின் ஒப்புதல் ஒரே வாரத்தில் கிடைத்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2010இல் வெளியிட்ட கூட்டுக்கல்விச் செயல்திட்டத்தை விண்ணப்பத்தோடு இணைத்திருந்தேன். கொள்கை அளவில் எவரும் மறுக்கவில்லை. என்னை அலைக்கழித்தது வருகைப் பதிவுதான். தேர்வுப் பிரிவின் படிவத்தில் துறையின் பெயருக்கு ஒரே ஒரு கட்டம் இருந்ததால், நான்கு துறையினர் கலந்த வகுப்பை எதன்கீழ் பதிவது என்று கேட்ட அலுவலர், என் விண்ணப்பத்தை மூன்று முறை திருப்பி அனுப்பினார். மூன்றாம் முறை சென்றபோதுதான், ஒவ்வொரு துறைக்கும் தனித்தனிப் படிவம் கொடுத்தால் போதும் என்று சொன்னார். அதை முதல் நாளே சொல்லியிருந்தால் ஆறு வாரம் மிஞ்சியிருக்கும். இன்னொரு குறையை நானே கவனிக்கத் தவறினேன். இந்த வகுப்பு மருத்துவ மாணவர்களுக்கு மட்டும் அகமதிப்பீட்டில் சேர்க்கப்பட்டிருந்தது. மதிப்பெண் ஒரு சாராருக்கு மட்டும் இருந்தால் மற்றவர்கள் விருந்தினராகத்தான் வந்து அமர்வார்கள். ஆகவே அறை தேடுவதற்கு முன்பே இதைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

முதல் அமர்வு தோல்வி என்றே சொல்ல வேண்டும். மாணவர்கள் துறைவாரியாகக் கூட்டம் கூட்டமாக அமர்ந்தார்கள். நோயாளியின் முழு விவரத்தையும் அச்சிட்டு எல்லோருக்கும் கொடுத்திருந்தேன். மருத்துவ மாணவர்கள் இருவர் பத்து நிமிடத்தில் விடை சொல்லி முடித்துவிட, மற்றவர்கள் தலையசைத்ததோடு சரி. வழிநடத்திய நாங்கள் இருவருமே மருத்துவர்களாக இருந்ததும் அந்த மௌனத்துக்குக் காரணம் என்பதைப் பின்னர் உணர்ந்தேன்.

இரண்டாம் அமர்வு அதைவிட வருத்தம் தந்தது. வார்டுக்கு அழைத்துச் சென்றபோது, மருந்தியல், இயன்முறை மருத்துவ மாணவர்களின் ரகசியக் காப்பு உறுதிமொழி கோப்பில் இல்லை என்று பொறுப்பாளர் அவர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டார். அவர் விதிப்படி நடந்துகொண்டதில் குறை சொல்ல முடியாது. ஆனால் இணைந்து பணியாற்றக் கற்க வந்தவர்களில் பாதிப்பேரைத் திருப்பி அனுப்பிய அந்தக் காலை என்னை இன்னும் உறுத்துகிறது. வார்டுக்குச் செல்வதாக இருந்தால் ஒவ்வொரு துறைக்கும் அனுமதித் தாள்கள் எவையெவை என்று குறைந்தது இரு வாரங்களுக்கு முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள்.

மூன்றாம் அமர்வில் அமைப்பையே மாற்றினேன். ஒரு மேசைக்கு ஒவ்வொரு துறையிலிருந்தும் ஒருவர். வழிநடத்த ஒரு செவிலிய ஆசிரியரும் ஒரு மருந்தியல் ஆசிரியரும். விவரத்தை நான்காகப் பிரித்து, அந்தந்தத் துறையினர் இயல்பாக அறியக்கூடியதை மட்டும் அவரவரிடம் கொடுத்தேன். நோயாளி ஒழுங்கற்ற இதயத்துடிப்புக்காக, ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை உட்கொள்பவர் என்பதும் பரிசோதனை முடிவுகளும் மருத்துவ மாணவரிடம் இருந்தன. இரண்டு நாளாகச் சரியாக உண்ணவில்லை என்பது செவிலிய மாணவரிடம். வெளியில் யாரோ மெட்ரோனிடசோல் என்ற நுண்ணுயிர்க்கொல்லியை எழுதிக் கொடுத்திருக்கிறார் என்பது மருந்தியல் மாணவரிடம். நடைப்பயிற்சியின்போது தொடையில் புதிய கன்றல்கள் தெரிந்தன என்பது இயன்முறை மருத்துவ மாணவரிடம். மெட்ரோனிடசோல் வார்ஃபரினின் விளைவைக் கூட்டும். உணவு குறைவதும் அதற்குத் துணைபோகும். ஆனால் நான்கு தாள்களும் சேராமல் ரத்தக்கசிவு அபாயம் எவருக்கும் முழுமையாகப் புலப்படாது.

ஒரு மேசையில், அதுவரை வாய் திறக்காத மருந்தியல் மாணவி, "ஐ.என்.ஆர். கடைசியாக எப்போது பார்த்தார்கள்?" என்று கேட்டார். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் பரிசோதனை அது. மருத்துவ மாணவர் தாளைப் புரட்டிவிட்டு, பத்து நாளுக்கு முன்பு என்றார். அதன்பின் அந்த மேசையில் பேச்சு நிற்கவே இல்லை. நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்ற வரிசையில் மூத்த மருத்துவருக்குத் தொலைபேசியில் தெரிவிக்கும் பயிற்சியை அந்த மாணவியே முன்வந்து செய்தார்.

அடுத்த மூன்று அமர்வுகளும் தடையின்றி நடந்தன. செவிலிய மாணவர்களுக்கு அகமதிப்பீட்டு மதிப்பெண் வழங்கும் ஆணை நேற்றுத்தான் கைக்கு வந்தது. மற்ற இரு துறைகளின் கோப்புகள் இன்னும் அதே அலுவலகத்தில் இருக்கின்றன, திங்கட்கிழமை மறுபடியும் செல்ல வேண்டும்.