பார்படோஸ் குகையும் எங்கட ஊர்க் கல்லும்

பெப்ரவரிக் குளிருக்குத் தப்பி ஒரு கிழமை கரீபியன் தீவான பார்படோஸ் போய் வந்தோம். அம்மா, நான், 14 வயது மகள். ரொறன்ரோவிலிருந்து நேரடி விமானம், ஐந்து மணித்தியாலம் சொச்சம். கடற்கரையைப் பற்றி எழுதப் பெரிதாக எதுவும் இல்லை, அது படத்தில் பார்ப்பது போலவே அழகாக இருக்கிறது, அவ்வளவுதான். நான் எழுத நினைப்பது தீவின் நடுவே செயின்ட் தோமஸ் பகுதியில் இருக்கிற ஹரிசன்ஸ் கேவ் பற்றி. அங்கே கீழே குகை, மேலே பள்ளத்தாக்குக் காடு, மரங்களுக்கு மேலாகக் கம்பியில் தொங்கிச் சறுக்கிப் போகிற சிப்லைன், கயிற்றில் ஏறி நடக்கிற பாதை என்று எல்லாவற்றையும் சேர்த்து ஒரு இக்கோ அட்வென்ச்சர் பார்க்காக வைத்திருக்கிறார்கள். மகள் வந்தது சிப்லைனுக்கு. அம்மாவுக்கு 72 வயது, முழங்கால் நோ. குகைக்குள் ட்ராம் வண்டியில் இருந்தபடியே போகலாம் என்று தெரிந்த பிறகுதான் அவவையும் கூட்டிக்கொண்டு போகத் துணிந்தேன்.

தலைநகர் பிறிஜ்ரவுணிலிருந்து உள்ளே போகப் போக இரண்டு பக்கமும் கரும்பு. வீதிக்காக மேட்டை வெட்டிய இடங்களில் வெள்ளைக் கல் தெரியும், உற்றுப் பார்த்தால் அதற்குள் பவளத்தின் கோடுகளும் துளைகளும் அப்படியே இருக்கும். பக்கத்துத் தீவுகளான செயின்ட் லூசியா, செயின்ட் வின்சென்ட் எல்லாம் எரிமலைத் தீவுகள், பார்படோஸ் அப்படியில்லை. கடலடிப் படிவு மேலே தள்ளப்பட்டு, அதன்மேல் பவளம் வளர்ந்து வளர்ந்து கல்லாகி உண்டான தரை இது. தீவின் 85 சதவீதம் இந்தப் பவளச் சுண்ணாம்புக்கல்தான். அம்மா கார்க் கண்ணாடியை இறக்கி அதைப் பார்த்துக்கொண்டே வந்தா. ஒரு வளைவில் மெதுவாகச் சொன்னா: “பிள்ளை, இது எங்கட கல்லெல்லே.”

அவ பிறந்தது யாழ்ப்பாணத்துப் புத்தூர். அந்த வலிகாமப் பகுதியில் யார் வீட்டிலும் கிணறு வெட்டினால் வருகிற கல் இதுதான். வெடி வைத்துத்தான் கிணறு இறக்குவார்கள்.

பார்க்கில் மேலே இருந்து லிஃப்டில் பள்ளத்தாக்கின் அடிக்கு இறங்கினோம். குகையைப் பற்றி 18ஆம் நூற்றாண்டிலேயே ஊருக்குத் தெரியும், ஆனால் அப்புறம் எல்லாரும் மறந்துவிட்டார்கள். 1970இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஓலே சோரன்சன் என்ற குகை ஆய்வாளர், உள்ளூர்க்காரர்களான டோனி மேசன், அலிசன் தோர்ன்ஹில் இருவரோடும் உள்ளே இறங்கித் திரும்பக் கண்டுபிடித்தார். அரசாங்கம் பாதை வெட்டி 1981இல் பொதுமக்களுக்குத் திறந்தது. வழிகாட்டியாக வந்த பெண் இதையெல்லாம் நல்ல பேஜன் ஆங்கிலத்தில், அதாவது பார்படோஸ்காரரின் பேச்சு வழக்கில், பாட்டு மாதிரி இழுத்து இழுத்துச் சொன்னா, பாதி எனக்கு விளங்கவில்லை, மகள்தான் விளங்கப்படுத்தினாள்.

ட்ராம் உள்ளே நுழைந்ததும் முதலில் காதுக்குத்தான் வேலை. சொட்டு, சொட்டு, எங்கோ ஓடுகிற தண்ணீர். வெளியே இருந்த வெக்கை இல்லை, ஆனால் குளிரும் இல்லை, ஈரத் துணி போர்த்தது போல ஒரு சூடு. பெரிய மண்டபம் என்று சொல்கிற இடத்தில் கூரை ஏறத்தாழ 15 மீற்றர் உயரம், நிமிர்ந்து பார்த்தால் ஆலம் விழுது மாதிரி வெள்ளைக் கற்கள் தொங்குகின்றன, கீழேயிருந்து புற்று மாதிரி வேறு கற்கள் எழும்பி நிற்கின்றன. சில இடங்களில் இரண்டும் ஒட்டித் தூணாகிவிட்டன. வண்டியை நிறுத்திய ஒரு இடத்தில் எனக்குக் கிட்டவாக ஒரு சின்ன விழுது, சுண்டுவிரலிலும் மெல்லியது, பால் நிறம், உள்ளே குழாய். நுனியில் ஒரு துளி தண்ணீர். விழும் விழும் என்று பார்த்தேன், விழவேயில்லை, விளக்கு வெளிச்சம் அதற்குள் தலைகீழாக நின்றது.

மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்கிருக்கிற கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு லேசான அமிலமாகிறது, போகிற வழியில் சுண்ணாம்பைக் கரைக்கிறது. குகைக்குள் வந்து சொட்டும்போது அந்த வாயு பிரிந்து போய்விட, கரைந்த சுண்ணாம்பு துளியளவு துளியளவாகப் படிகிறது. ஒரு வருடம் முழுக்கச் சொட்டினாலும் கூடுவது ஒரு மில்லிமீற்றரில் சிறு பங்குதான். கை வைத்தால் தோலின் எண்ணெய் பட்டு வளர்ச்சி நின்றுவிடுமாம். அதைக் கேட்டதும் அம்மா மடியில் இருந்த கையை இன்னும் உள்ளே இழுத்து வைத்துக்கொண்டா.

பிறகு வழிகாட்டி ஒரு விசயம் சொன்னா, அதுதான் அம்மாவுக்குப் பிடித்துப்போனது. பார்படோசில் பெரிய ஆறு ஒன்றும் இல்லை, தண்ணீருக்குக் கஷ்டப்படுகிற நாடு. குடிக்கிற தண்ணீரில் மிகப் பெரும்பகுதி இந்தக் கல்லால் வடிந்து நிலத்துக்கு அடியில் நிற்பதுதான். கரைப்பக்கமாகப் போனால் அந்த நன்னீர் கடல் உப்புத் தண்ணீருக்கு மேலே ஒரு படலமாக மிதக்கிறது, அளவுக்கு மீறி இறைத்தால் கீழே இருக்கிற உப்பு மேலே ஏறிவிடும்.

“நிலாவரை மாதிரி,” என்றா அம்மா. ஓம், அதேதான். புத்தூருக்குப் பக்கத்து நிலாவரைக் கிணற்றிலும் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. யாழ்ப்பாணத்தின் நன்னீர் முழுக்க இப்படிச் சுண்ணாம்புக்கல்லுக்குள் நிற்பதுதான். அந்தக் கல்லைக் காங்கேசன்துறைப் பக்கம் சிமெந்துக்கென்று எவ்வளவு ஆழத்துக்குத் தோண்டி எடுத்தோம், கல்லுக்கு மேலே உரத்தை எவ்வளவு கொட்டினோம் என்று நினைக்க எனக்கு வயிறு எரிந்தது. இங்கே ஒரு விழுதைத் தொடவே விடுகிறார்களில்லை. எங்கள் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடத்தில் கிணற்றடிக்குக் கூட்டிப்போய் இதைக் காட்ட வேண்டும்.

சிப்லைனில் மகள் மூன்று தரம் கத்திக்கொண்டு போனாள், மரங்களுக்கு மேலால், இடுப்பில் கட்டிய பட்டியோடு, அவளுக்கு அதுதான் பயணம். கீழே ஒரு அத்திமரம், பாறையைப் பிடித்துத் தாடி போல விழுது விட்டிருந்தது. இந்தத் தாடி மரங்களைப் பார்த்துத்தான் போர்த்துக்கேய மாலுமிகள் தீவுக்குத் ‘தாடிக்காரர்’ என்ற பொருளில் பார்படோஸ் என்று பெயர் வைத்ததாகச் சொல்கிறார்கள். பச்சைக் குரங்கு இரண்டும் கண்டோம், 350 வருடம் போல முதல் மேற்கு ஆபிரிக்காவிலிருந்து கப்பலில் வந்தவற்றின் வழி.

போகிறவர்களுக்கு ஒன்று: ட்ராமுக்கு முன்கூட்டியே ரிக்கெற் எடுங்கள், சுற்றுலாக் கப்பல் வருகிற நாளில் கூட்டம் அதிகம். வழுக்காத சப்பாத்து போடுங்கள்.

வெளியே வந்து மீன் கேக்கை உப்புப் பாணுக்குள் வைத்துச் சாப்பிட்டோம். ஒரு மண்நிறக் குருவி மேசைக்கே வந்து பாண் துகளைக் கொத்தியது, உலகத்தில் இந்தத் தீவில் மட்டுமே இருக்கிற புல்ஃபிஞ்ச் அது. அம்மா அதைப் பார்க்கவில்லை. குழாயடியில் போத்தலை நிரப்பி ஒரு வாய் குடித்து, நாக்கில் கொஞ்ச நேரம் வைத்திருந்து விழுங்கினா. “கொஞ்சம் கடினத் தண்ணிதான். பருப்பு அவியாது.”

இரவு அறைக்கு வந்ததும் புத்தூரில் இருக்கிற சித்திக்கு அழைத்தா. அங்கே விடிந்துவிட்டது. சுகம்கூட விசாரிக்கவில்லை, “கிணத்தில இப்ப தண்ணி எவ்வளவுக்கு நிக்குது?” என்றுதான் கேட்டா. சித்தி போனோடு முற்றத்தில் இறங்கி நடக்கிற செருப்புச் சத்தம் எங்களுக்குக் கேட்டது.