லூவனுக்கு 600

பெல்ஜியத்தின் லூவன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் 2025-இல் 600-ஆம் ஆண்டைக் கொண்டாடியது. 1425-இல் திருத்தந்தை ஐந்தாம் மார்ட்டின் கொடுத்த ஆணையில் தொடங்கிய கதை.

இங்கே படித்தவர்கள், பணியாற்றியவர்கள் என்று மனிதநேய அறிஞர் எராஸ்மஸ், வரைபட வல்லுநர் மெர்கேட்டர், உடற்கூறியல் அறிஞர் வெசாலியஸ் எனப் பெயர்களை அடுக்கலாம். பெருவெடிப்புக் கொள்கைக்கு வித்திட்ட ஜார்ஜ் லெமேத்ரும் இங்கேதான் பேராசிரியர். அவர் ஒரு பாதிரியார் என்பதை யாரிடமும் சொல்லாமல் நான் விட்டதே இல்லை!

ஆனால் என் மனம் போய் நிற்பது அதன் நூலகத்தில்தான். 1914 ஆகஸ்டில் ஜெர்மன் படை வைத்த தீயில் லட்சக்கணக்கான நூல்கள் சாம்பலாயின, பழைய கையெழுத்துப் பிரதிகளும் சேர்ந்து. அமெரிக்கர்கள் பணம் திரட்டிக் கொடுத்து 1928-இல் புதுக் கட்டடம் எழுந்தது. சரி, இனி பயமில்லை என்று நினைத்திருப்பார்கள். 1940 மே மாதம் அதுவும் எரிந்தது. மறுபடியும் கட்டினார்கள்.

அப்புறம் 1968-இல் மொழிச் சண்டை. டச்சு, பிரெஞ்சு என்று பல்கலைக்கழகமே இரண்டானது. நூல்களையும் பாகம் பிரித்தார்கள்: ஒற்றைப்படை எண் உள்ளவை ஒரு பக்கம், இரட்டைப்படை மறுபக்கம். தீயைவிட எனக்கு இதுதான் அதிகம் வலித்தது.

பிரிந்துபோன அந்த இரண்டுமே 600-ஐக் கொண்டாடின என்று படித்ததும் கண் கலங்கிவிட்டது.