ஏரியில் வாத்து எண்ணுவது எப்படி

1987 முதல் ஜனவரிதோறும் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்குப் புதிதாக வருகிறவர்கள், பறவையை அடையாளம் காணத்தான் பயப்படுகிறார்கள். ஆளைக் கவிழ்ப்பது எண்ணிக்கைதான். ஏரி நடுவே ஆயிரம் வாத்து அடைந்து நின்றால், பழகாத கண் பெரும்பாலும் குறைத்தே சொல்லும்.

நம் ஏரிகள் பலவற்றில் கரை கிழக்குப் பக்கம் இருப்பது வசதி: காலையில் கரைமேல் நின்றால் வெயில் முதுகில் விழும், நிறம் தெரியும். ஒன்பது மணிக்கு மேல் கானல் ஆடத் தொடங்கினால் ஸ்கோப்பின் (முக்காலியில் வைத்துப் பார்க்கும் தொலைநோக்கி) உருப்பெருக்கத்தைக் கூட்டாதீர்கள், கலங்கல்தான் பெரிதாகும்.

கூட்டத்தின் ஓரத்தில் பத்துப் பறவைகளை எண்ணி, அவை எவ்வளவு இடத்தை அடைக்கின்றன என்று பாருங்கள். அதை வைத்து நூறுக்கு ஓர் அளவு பிடித்து, நூறு நூறாக மறுமுனைவரை நகருங்கள். ஓரம் கலைந்தும் நடு நெருக்கமாகவும் இருக்கும். நடுவில் அளவை மறுபடி பிடிக்காவிட்டால் அங்கேதான் பாதி விட்டுப்போகும்.

மொத்தம் கிடைத்த பிறகுதான் இனம் பிரிப்பது. கூட்டத்தின் மூன்று நான்கு இடங்களில் நூறு நூறு பறவைகளை எடுத்து, அதில் ஊசிவால் வாத்து எத்தனை, நீலச்சிறகி எத்தனை, தட்டைவாயன் எத்தனை என்று பாருங்கள். ஒரே இடத்தில் பார்த்தால் போதாது. இனங்கள் சீராகக் கலந்து நிற்பதில்லை. ஸ்கோப்பில் கண் வைத்தவர் கண்ணை எடுக்கக் கூடாது, எழுதுவதற்கு இன்னொருவர் வேண்டும்.

சேற்றுப்பூனைப்பருந்து தலைகாட்டினால் எல்லாம் கிளம்பும். இறங்கும்வரை பொறுத்து முதலிலிருந்து எண்ணுங்கள். பழைய கணக்கோடு ஒட்டவே கூடாது. முக்குளிப்பான் பாதி நேரம் தண்ணீருக்கடியில்தான் இருக்கும். அதற்கு ஒரே பகுதியை இரண்டுமுறை பார்த்து, அதிகமாக வந்ததை எழுதுங்கள்.

பக்கத்து ஏரியை அதே காலையில் வேறொரு குழு எண்ணுவது நல்லது. மறுநாள் போனால் அதே கூட்டம் அங்கே உட்கார்ந்திருக்கலாம்.

பறவைப் பதிவுகளுக்கான இணையதளமான ஈபேர்டில் எண்ணிக்கைக்குப் பதிலாக 'எக்ஸ்' போட்டுவிட்டு வருவது எனக்குப் பிடிக்காது. பறவை இருந்தது என்பதற்குமேல் அது எதுவும் சொல்லாது. ஒரு சதுப்புநிலம் ராம்சார் தகுதி (உலக அளவில் முக்கியமான சதுப்புநிலம் என்ற அங்கீகாரம்) பெறும் வழிகளில் ஒன்று, வழக்கமாக 20,000 நீர்ப்பறவைகளுக்கு இடம் கொடுப்பது. அங்கே 'எக்ஸ்' என்ன கணக்கில் சேரும்? உத்தேசமாக 1,200 என்றால் 1,200 என்றே போடுங்கள், உத்தேசம் என்று குறிப்பும் எழுதுங்கள்.

ஏரி வறண்டு கிடந்தாலும் படிவத்தை நிரப்பி அனுப்புங்கள்: நீர் இல்லை, பறவை இல்லை, தேதி, நேரம்.