இன்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை: என் குவாடின் கிளட்சைச் சரிசெய்த அனுபவம்

கரடுமுரடான பாதைகளில் ஓட்டும் நான்கு சக்கரக் குவாட் பைக்கில், மேட்டில் பாதி தூரம் ஏறியிருந்தேன். இரண்டாவது கியர். கட்டைவிரலால் த்ராட்டிலை அழுத்த அழுத்த இன்ஜின் கத்தியதே தவிர, வண்டி மேலே போகவில்லை. வேகம் குறைந்துகொண்டே வந்து கடைசியில் நின்றேவிட்டது. பிரேக்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தபோது, சூடான எண்ணெயோடு ஏதோ கருகிய வாடை வந்தது. இன்ஜினின் சக்தியைச் சக்கரத்துக்கு அனுப்பும் கிளட்ச், பிடிக்காமல் வழுக்குகிறதோ என்ற சந்தேகம் அங்கேதான் வந்தது.

உண்மையில் அதற்கும் பல வாரங்களுக்கு முன்பே அது வழுக்க ஆரம்பித்திருக்கிறது. நான்தான் கவனிக்கவில்லை. மணலிலும் சேற்றிலும் பின்சக்கரம் சும்மா சுற்றினாலும் இன்ஜின் சத்தம் இதே மாதிரிதான் எகிறும். அதனால் ஒவ்வொரு முறையும் டயருக்குப் பிடிப்பு இல்லை என்றே நினைத்துக்கொண்டேன். குவாட் ஓட்டுபவர்கள் ஏமாறும் இடம் இது. சந்தேகம் வந்தால் கெட்டியான, சமமான தரைக்கு வண்டியைக் கொண்டுபோய்ப் பாருங்கள். இன்ஜின் நன்றாகச் சூடானபிறகு மூன்றாவது கியரில் மெதுவாக உருளவிட்டு, த்ராட்டிலை ஒரே மூச்சில் முழுதாகத் திறக்க வேண்டும். கிளட்ச் நன்றாக இருந்தால் சத்தமும் வேகமும் சேர்ந்தே ஏறும். என் வண்டியில் சத்தம் முதலில் துள்ளியது, வேகம் பின்னால் மெல்ல வந்தது. செயின் பல் தாண்டினால் 'டக் டக்' என்று உதறல் இருக்கும். இதில் எந்த உதறலும் இல்லை, வழுவழுவென்று நழுவியது. சுவரில் முன்பக்கத்தை முட்டவைத்து கிளட்சை விட்டுப் பார்ப்பவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மிச்சமிருக்கும் பிளேட்டையும் அது கருக்கிவிடும்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என்னுடையது கையால் கிளட்ச் பிடித்துக் கியர் மாற்றும் ஸ்போர்ட் வகைக் குவாட். எண்ணெயில் மூழ்கி வேலை செய்யும் பல தட்டுக் கிளட்ச். உராயும் பூச்சுள்ள ஃபிரிக்‌ஷன் பிளேட்டும் வெறும் ஸ்டீல் பிளேட்டும் மாறி மாறி அடுக்கியிருக்கும்; ஸ்பிரிங் பலத்தில் பிரஷர் பிளேட் அவற்றை அழுத்திப் பிடிக்கும். பெல்ட்டில் ஓடும் ஆட்டோமேட்டிக் குவாடிலும் இதே அறிகுறி வரலாம், ஆனால் அங்கே பார்க்க வேண்டியது பெல்ட்டை.

உடனே பிளேட் செட் வாங்கத்தான் கை பரபரத்தது. வாங்குவதற்கு முன் பல வருடமாகக் குவாட் ஓட்டும், கழற்றி மாட்டும் அண்ணன் ஒருவருக்குப் போன் செய்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "என்ன ஆயில் ஊத்தியிருக்க தம்பி?"

கேனை எடுத்துப் படித்தேன். ஜாஸோ எம்.ஏ.2 என்று போட்டிருந்தது. ஜாஸோ என்பது ஜப்பானிய வாகனத் தரநிலை. நனைந்த கிளட்ச் உள்ள வண்டிகளுக்கு எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 தான் வேண்டும். கார் ஆயில்கள் பலவற்றில், எரிபொருள் மிச்சமாக வேண்டும் என்று உராய்வைக் குறைக்கும் மருந்து சேர்த்திருப்பார்கள். இன்ஜினுக்கு அது நல்லது. ஆனால் நம் கிளட்சோ அந்த உராய்வை நம்பித்தான் பிடிக்கிறது. சரி, என் ஆயிலில் குற்றமில்லை.

"சரி, லீவர்ல எவ்வளவு ஃப்ரீ பிளே இருக்கு?"

கேபிள் இழுபடும் முன் லீவர் சும்மா ஆடும் தூரம்தான் ஃப்ரீ பிளே. என்னுடையது நுனியில் ஒரு விரல் தடிமன் அளவுக்கு ஆடியது. இருக்கிறது என்றேன். "ஹேண்டில்பார நேரா வச்சா பார்த்த? ரெண்டு பக்கமும் முழுசா திருப்பிப் பாரு" என்றார்.

வலது பக்கம் திருப்பினேன், ஆட்டம் அப்படியே இருந்தது. இடது பக்கம் முழுக்கத் திருப்பினேன். லீவர் இறுகிவிட்டது. சும்மா ஆடுவதற்கு ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. கேபிள் வீணைத் தந்தி மாதிரி விறைத்து நின்றது.

காரணம் உடனே விளங்கியது. சில மாதங்களுக்கு முன் நின்றுகொண்டு ஓட்ட வசதியாக இருக்கட்டும் என்று உயரமான ஹேண்டில்பார் போட்டேன். கேபிள் பழையதுதான். நேராக ஓட்டும்போது நீளம் போதும். திரும்பும்போது கேபிள் இழுபட்டு, நான் லீவரைத் தொடாமலே கிளட்சைக் கொஞ்சம் பிடித்துவிடுகிறது. பிரஷர் பிளேட் முழுதாக அழுத்தாமல் அரை மனதாக நிற்கிறது, தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று தேய்ந்து சூடாகின்றன. போதாக்குறைக்கு, இந்த வகைக் கிளட்சில் தட்டுகள் தேயத் தேய லீவரின் ஆட்டமும் தானாகவே குறையும். கேபிளால் தேய்மானம், தேய்மானத்தால் ஆட்டம் இன்னும் குறைவு. வாரக்கணக்கில் இப்படியே சுற்றியிருக்கிறது.

கேபிள் போகும் வழியை மாற்றி, லாக் நட்டைத் தளர்த்தி, ஹேண்டில்பார் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆட்டம் மிஞ்சும்படி வைத்து ஓட்டினேன். குளிர்ந்த இன்ஜினில் நன்றாகவே பிடித்தது. இருபது நிமிடம் ஓடிச் சூடானதும் மறுபடி வழுக்கல். மூலகாரணம் போனாலும் அது உண்டாக்கிய காயம் உள்ளே இருந்தது. அப்புறம்தான் கவரைத் திறக்க முடிவு செய்தேன். முதலிலேயே புதுப் பிளேட்டைப் போட்டுவிட்டு இந்தக் கேபிளைத் தொடாமல் விட்டிருந்தால், அதுவும் கருகியிருக்கும்.

ஆயிலை வடித்தேன். கறுத்து, கருகிய வாடையோடு வந்தது. வலது பக்கக் கவரின் போல்ட்டுகள் ஒரே நீளத்தில் இல்லை. ஒரு அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் அதே இடத்தில் குத்தி வைத்தேன். நீளமான போல்ட்டைக் குட்டையான ஓட்டையில் முறுக்கினால் அலுமினியம் விரிசல் விட்டுவிடும். அந்தச் செலவு கிளட்ச் செலவைத் தாண்டிவிடும்.

ஐந்து ஸ்பிரிங் போல்ட்டுகளையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றித் தளர்த்தி, பிரஷர் பிளேட்டை எடுத்தேன். தட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே இழுக்கும்போதே போட்டோ எடுத்துக்கொண்டேன். என் வண்டியில் வெளிப்பக்கம் இருக்கும் கடைசி ஃபிரிக்‌ஷன் பிளேட்டின் விளிம்பில் நீட்டியிருக்கும் காதுகள் மற்றவை உட்காரும் பள்ளத்தில் இல்லாமல், பக்கத்துச் சின்னப் பள்ளத்தில் உட்காரும். போட்டோ இல்லையென்றால் நிச்சயம் தவறாகப் போட்டிருப்பேன்.

முதல் ஸ்டீல் பிளேட்டைத் துணியால் துடைத்தேன். வெள்ளையாக இருக்க வேண்டிய இரும்பில் மயில் கழுத்து நிறத்தில் நீலமும் ஊதாவும் திட்டுத் திட்டாகப் படர்ந்திருந்தன. அதிகச் சூடு பட்டதற்கு அடையாளம் அது. ஃபிரிக்‌ஷன் பிளேட்டை நகத்தால் தடவினால் சொரசொரப்பே இல்லை, கண்ணாடி மாதிரி வழுக்கியது. வெர்னியர் வைத்து அளந்தேன். வண்டிக் கையேடு 2.8 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் மாற்றச் சொல்கிறது. என்னுடையதில் இரண்டு தட்டுகள் 2.7-க்கு வந்திருந்தன. ஸ்டீல் பிளேட்டுகளைச் சமமான கண்ணாடிமேல் வைத்து இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்த்ததில், நீலம் பாரித்த மூன்றும் வளைந்திருந்தன. ஸ்பிரிங்குகளும் சூட்டில் தளர்ந்து, கையேடு சொன்ன நீளத்தைவிடக் குட்டையாகியிருந்தன.

தட்டுகளை உப்புத்தாளில் தேய்த்துப் போட்டு ஓட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். தடிமன் மிச்சமிருந்து, மேலே மட்டும் பளபளப்பேறியிருந்தால் அவசரத்துக்கு அது உதவும். வளைந்த ஸ்டீலுக்கும் களைத்த ஸ்பிரிங்குக்கும் அது மருந்தாகாது. ஃபிரிக்‌ஷன், ஸ்டீல், ஸ்பிரிங், கவரில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றினேன். தட்டுகளைச் சுற்றி நிற்கும் கூடையான பாஸ்கெட்டின் விரல்களில் தட்டுகளின் காது இடித்து உண்டாகும் பள்ளம் இருக்கிறதா என்று நகத்தை ஓட்டிப் பார்த்தேன். லேசான தழும்புதான், நகம் சிக்கவில்லை. அதை அப்படியே விட்டேன்.

புது ஃபிரிக்‌ஷன் பிளேட்டுகளை இன்ஜினில் ஊற்றப்போகும் அதே ஆயிலில் ஒரு இரவு ஊற வைத்தேன். காய்ந்த பிளேட்டை மாட்டினால் தொடக்கத்திலேயே கருகக்கூடும். காலையில் எடுத்தபோது நன்றாக எண்ணெய் குடித்திருந்தன. போட்டோவைப் பார்த்து ஒன்று மாற்றி ஒன்றாக அடுக்கினேன். ஸ்பிரிங் போல்ட்டுகளை நட்சத்திரம் வரைவது போல எதிரெதிராக, மூன்று சுற்றில், இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால் 10 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினேன். அவை ஆறு மில்லிமீட்டர் போல்ட்டுகள். கைப்பலத்தைக் காட்டினால் தட்டுகளின் நடுவில் இருக்கும் ஹப்பில், போல்ட் ஏறும் தூண் உடைந்துவிடும். பழைய கேஸ்கெட்டைச் சுரண்டவும் பிளாஸ்டிக் துண்டையே பயன்படுத்தினேன். ஸ்குரூடிரைவர் கீறிய இடத்தில் ஆயில் கசியும்.

புதுத் தட்டுகள் தடிமனாக இருந்ததால் லீவரின் ஆட்டம் ரொம்பவே கூடியிருந்தது. கூடவே உயரமான ஹேண்டில்பாருக்கென்று வரும் நீளமான கேபிளையும் மாட்டி, லீவர் நுனியில் 10 முதல் 15 மில்லிமீட்டருக்குள் வைத்தேன். இந்த முறை நேராக ஒன்று, இடது முழுக்க ஒன்று, வலது முழுக்க ஒன்று என மூன்று நிலையிலும் ஸ்கேல் வைத்து அளந்தேன். மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தன.

முதல் ஒரு மணி நேரம் விரட்டாமல் ஓட்டி, தட்டுகள் ஒன்றோடொன்று பழக விட்டேன். லீவரின் ஆட்டம் சற்றே குறைந்திருந்தது, மறுபடி சரிசெய்தேன். அப்புறம் அதே மேட்டுக்குப் போனேன். இரண்டாவது கியர், த்ராட்டில் முழுக்க. முன்சக்கரங்கள் லேசாகத் தரையை விட்டு எழும்ப, வண்டி ஒரே மூச்சில் உச்சிக்கு ஏறியது. மேலே நிறுத்தி இறங்கிக் கிளட்ச் கவருக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய் மோந்து பார்த்தேன். சூடான இன்ஜினின் வாடை மட்டும்தான் வந்தது.