கருப்பனுக்கு எத்தனை யூனிட்?

போன தீபாவளி ராத்திரி, சர்க்கரை நோய் உள்ள எங்கள் பூனை கருப்பனுக்கு இன்சுலினை 2 யூனிட்டிலிருந்து 3 யூனிட்டாக ஏற்றியது நான்தான். டாக்டரைக் கேட்கவில்லை. ஊசி போடும் முன் காதில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தால் சர்க்கரை மீட்டர் 431 காட்டியது, பயந்துபோய் ஏற்றிவிட்டேன்.

அன்று காலையிலிருந்து தெருவில் ஓயாமல் வெடிச் சத்தம். கருப்பன் கட்டிலுக்கு அடியில் சுவரோடு ஒட்டிக் கிடந்தான், சாப்பாட்டையும் பாதிதான் தொட்டிருந்தான். பயந்த பூனைக்குச் சர்க்கரை தானாகவே எகிறும். மருத்துவமனையில் எடுக்கிற அளவை விட வீட்டில் எடுக்கிற அளவை டாக்டர்கள் நம்புவதும் இதனால்தான். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை, ஆனால் 431 என்ற எண் கண்ணுக்கு முன்னால் இருக்கும்போது வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை. பாதி வயிற்றில் இருந்தவனுக்கு ஒன்றரை மடங்கு மருந்து போயிருக்கிறது.

7 மணிக்கு ஊசி. 12 மணி வாக்கில் சமையலறைப் பக்கமிருந்து வந்தவன் பின்னங்கால் இரண்டும் பின்னிக்கொண்டு பக்கவாட்டில் சாய்ந்தான். தூக்கக் கலக்கத்தில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மாதான் எழுந்து உட்கார்ந்து, “ஏண்டி, இவனுக்கு சுகர் லோ ஆயிடுச்சு, தேனை எடு” என்றாள். இருபது வருடமாக இன்சுலின் போட்டுக்கொள்கிறவள், பார்த்த உடனே தெரிந்துவிட்டது. மீட்டரில் 38. தேனை விரலில் தொட்டு ஈறில் தேய்த்தோம் (வாயில் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்), கொஞ்சம் தெளிந்ததும் சாப்பாடு வைத்தோம், பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை குத்திப் பார்த்தோம். 38, 52, 49, 77. வலிப்பு வந்தால் உடனே ஓடுவதற்காக அவனுடைய கூடையை வாசலில் எடுத்து வைத்திருந்தேன். 3 மணிக்கு 126 வந்த பிறகுதான் அம்மா படுத்தாள். நான் படுக்கவில்லை.

காலையில் 397. இதுதான் எனக்குப் பெரிய பாடம். சர்க்கரை அதள பாதாளத்துக்குப் போனதும் உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஈரலில் இருப்பதை எடுத்துக் கொட்டும், நாங்கள் தேய்த்த தேனும் சேர்ந்துகொள்ளும், அதனால் மறுநாள் அளவு உயரத்தில் நிற்கும். ராத்திரி நடந்தது தெரியாத ஒருவர் அந்த 397-ஐ மட்டும் பார்த்தால் இன்னும் ஏற்றத்தான் சொல்வார். டாக்டருக்கு போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். திட்டவில்லை. அன்று காலை ஊசி வேண்டாம், சாயங்காலத்திலிருந்து ஒன்றரை யூனிட், ஒரு வாரம் அதைத் தொடக் கூடாது என்றார்.

ஒரு வாரம் ஏன் என்றால், கருப்பனுக்குப் போடுவது கிளார்ஜின் என்ற வகை இன்சுலின். தோலுக்கு அடியில் தங்கி மெதுவாகக் கரைகிற மருந்து, புது டோஸ் உடம்பில் நிலைக்க சில நாள் பிடிக்கும். இன்று ஏற்றி நாளை குறைத்து மறுநாள் ஏற்றினால், எந்த டோஸ் என்ன செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

இன்னொன்று, நான் ஆரம்பத்தில் பார்த்ததெல்லாம் ஊசிக்கு முந்தைய எண்ணைத்தான். அது மட்டும் போதாது. ஊசி போட்ட பிறகு அடுத்த ஊசிக்குள் சர்க்கரை எவ்வளவு கீழே இறங்குகிறது, அதாவது அதன் அடிமட்டம் என்ன என்பதை வைத்துத்தான் டோஸை முடிவு செய்ய வேண்டும். அதனால் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணி முதல் மாலை 7 மணி வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எடுத்து நோட்டில் எழுதுகிறேன். அடிமட்டம் 80-க்கும் 150-க்கும் நடுவில் இருந்தால் அதே டோஸ். 80-க்குக் கீழே போனால் அரை யூனிட் குறைப்பு, அன்றே. 150-க்கு மேலேயே நின்றால் நோட்டைப் படம் எடுத்து டாக்டருக்கு அனுப்புவேன், அவர் சொன்னால் அரை யூனிட் ஏற்றம், அதற்கு மேல் ஒரு தடவையில் கிடையாது. இது கருப்பனுக்குப் போட்ட கணக்கு. உங்கள் பூனைக்கு உங்கள் டாக்டர் வேறு சொல்லலாம்.

காதில் குத்துவதைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை அரை நிமிடம் காதில் வைத்தால் ரத்தம் இறங்கிவிடும், மடலின் ஓரத்தில் குத்த வேண்டும், பின்பக்கம் பஞ்சு பிடித்துக்கொண்டால் நம் விரலில் ஏறாது. முதல் வாரம் கஷ்டம். இப்போது ஸ்ட்ரிப் டப்பா திறக்கும் சத்தம் கேட்டாலே வந்து உட்காருகிறான், முடிந்ததும் வேகவைத்த சிக்கன் துண்டு ஒன்று கிடைக்கும் என்று தெரியும். மனிதர்களுக்கான மீட்டர் பூனை ரத்தத்தில் பெரும்பாலும் உண்மையை விடக் குறைத்துத்தான் காட்டும், அதனால் எப்போதும் ஒரே மீட்டரையே வைத்துப் பாருங்கள், டாக்டரிடமும் எந்த மீட்டர் என்று சொல்லிவிடுங்கள்.

சிரிஞ்ச் விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். எங்கள் ஃப்ரிட்ஜில் இரண்டு இன்சுலின் இருக்கிறது. அம்மாவுடையது மில்லிக்கு 40 யூனிட், கருப்பனுடையது மில்லிக்கு 100 யூனிட். அம்மாவின் சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, கருப்பனுடையதற்கு ஆரஞ்சு மூடி. அவசரத்தில் 40-க்கு அளவு போட்ட சிவப்பு மூடி சிரிஞ்சில் கருப்பனுடைய மருந்தை 2 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 5 யூனிட்! ஒரு பூனையைக் கொல்ல அது போதும். நம் ஊர் மருந்துக் கடைகளில் இரண்டும் கிடைக்கும், கேட்காவிட்டால் எதை வேண்டுமானாலும் கொடுத்துவிடுவார்கள், மூடியைப் பார்த்து வாங்குங்கள். கருப்பனுடைய சாமான்கள் எல்லாம் இப்போது தனி டிபன் டப்பாவில், வேறு தட்டில். அரை யூனிட் கோடு போட்ட சிரிஞ்சுக்கு நாலு கடை ஏறி இறங்கினேன், பூனைக்கு அரை யூனிட்டே பெரிய வித்தியாசம் என்பதால் அந்த அலைச்சல் தேவைதான்.

சில சமயம் ஊசி தோலில் ஏறாமல் முடி மட்டும் நனைந்துவிடும். அப்போது மறுபடி போடக் கூடாது. எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாது, அடுத்த வேளை வரை பொறுக்க வேண்டியதுதான். ஒரு வேளைக்குச் சர்க்கரை ஏறி இருந்தால் சமாளித்துவிடலாம், ரொம்ப இறங்கினால் சில மணி நேரத்தில் உயிரே போகலாம். அவன் சாப்பிடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும், வாந்தி எடுத்தாலும், ஊசிக்கு முன் டாக்டருக்கு ஒரு போன்.

அப்புறம் சாப்பாடு. பாக்கெட்டில் வரும் மொறுமொறு உணவில் மாவுச்சத்து அதிகம் என்று அதை நிறுத்தி, விழுது மாதிரி வரும் டின் உணவுக்கு ஜனவரியில் மாற்றினோம், கிரேவி போட்டதிலும் மாவு சேர்ப்பதால் அதுவும் இல்லை. பத்து நாள் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினோம், அந்தப் பத்து நாளும் தினம் அடிமட்ட அளவைப் பார்த்தேன், ஏனென்றால் மாவு குறைந்தால் பழைய டோஸே அதிகமாகிவிடும். ஆகத்தான் செய்தது. 140, 112, 91, ஒன்பதாம் நாள் 72. ஒன்றரை யூனிட் ஒன்றாயிற்று, மார்ச்சில் அரையாயிற்று. ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் குடித்தவன் இப்போது 100 மில்லிகூடத் தொடுவதில்லை. குதிகால் தரையில் பட நடந்துகொண்டிருந்தான், சர்க்கரையில் நரம்பு தளர்ந்ததால் வந்தது அது, இப்போது மெல்ல நிமிர்ந்து நடக்கிறான், போன வாரம் ஜன்னல் திட்டுக்கே தாவினான்.

சில பூனைகளுக்கு இன்சுலினே தேவைப்படாமல் போவதுண்டு. கருப்பனுக்கும் அப்படி ஆகுமா என்று கேட்டதற்கு, அரை யூனிட்டில் இன்னும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைக் கணக்கை அனுப்புங்கள், பார்க்கலாம் என்றிருக்கிறார் டாக்டர். ஒன்று அனுப்பிவிட்டேன், அடிமட்டம் 98. அடுத்தது வரும் ஞாயிறு.