மேக்ஸ் மானுஸுக்குத் தமிழ் சப்டைட்டில்: ஏழாவது வாரம் வரை

முதல் வாரம்

அப்பாவுக்குப் போர்ப் படம் என்றால் சாப்பாடு கூட வேண்டாம். ஆனால் ஆங்கில சப்டைட்டில் ஓடுகிற வேகத்துக்கு அவரால் படிக்க முடியாது. "இப்ப இவன் என்னடா சொன்னான்?" என்று கேட்பார். நான் சொல்லி முடிப்பதற்குள் திரையில் இன்னொருவன் செத்திருப்பான். சரி, ஒரு படத்துக்காவது நானே தமிழில் போட்டுப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன்.

எடுத்த படம் 'மேக்ஸ் மானுஸ்'. யோவாகிம் ரோனிங், எஸ்பன் சாண்ட்பெர்க் இருவரும் சேர்ந்து இயக்கி 2008-இல் வந்த நார்வே படம். 1940 ஏப்ரல் 9 அன்று ஜெர்மனி நார்வேக்குள் புகுந்தது. அதன் பிறகு ஆஸ்லோ துறைமுகத்தில் ஜெர்மன் கப்பல்களுக்கு வெடி வைத்த ஒரு நிஜ மனிதரின் கதை. டிவிடி என்னிடமே இருந்தது. எண்ணிப் பார்த்ததில் 900 வரிக்குக் கொஞ்சம் மேலே. ஒரு நாளைக்கு 50 வரி என்றால் மூன்று வாரத்தில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கை இப்போது யாரும் ஞாபகப்படுத்த வேண்டாம்.

முதல் வாரம் முழுக்க நேரம் சரிசெய்வதிலேயே போய்விட்டது. வரி எந்த நொடியில் வர வேண்டும் என்ற நேரக்குறிகளை வேறொரு பிரதியிலிருந்து எடுத்திருந்தேன். தொடக்கத்தில் எல்லாம் பொருந்தியது. ஒரு மணி நேரம் தாண்டிப் பார்த்தால் வரி இரண்டரை நிமிடம் பின்தங்கி நிற்கிறது. வாய் ஒரு காட்சியில், வரி இன்னொரு காட்சியில். காரணம் எளியது. அந்தப் பிரதி நொடிக்கு 24 ஃபிரேம் (படச்சட்டம்), என் டிவிடி 25. தியேட்டரில் ஓடும் படத்தை ஐரோப்பிய டிவிடியில் போடும்போது கொஞ்சம் வேகமாக ஓட்டிவிடுவார்கள். மென்பொருளில் 24-ஐ 25 ஆக்கு என்று ஒரே ஒரு பொத்தான் இருக்கிறது. அது தெரியாமல் நான்கு நாள் ஒவ்வொரு வரியாகக் கையால் தள்ளிக்கொண்டிருந்தேன்.

இரண்டும் மூன்றும்

சப்டைட்டிலுக்கு ஒரு பொது வழக்கம் உண்டு: ஒரு வரியில் 42 எழுத்து, ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் கூடாது. தமிழில் இது பெரிய தலைவலி. 'துறைமுகம்' நமக்கு ஐந்து எழுத்து. மென்பொருள் கொம்பு, புள்ளி, சுழி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணி ஒன்பது என்கிறது. 'சுட்டுவிட்டார்கள்' என்ற ஒரே சொல்லுக்குப் பதினேழு! எதை எழுதினாலும் சிவப்பு விளக்கு எரிந்தது. கடைசியில் அந்த எச்சரிக்கையை அணைத்துவிட்டு, வாய்விட்டுப் படித்து நிறுத்துக் கடிகாரத்தில் பார்க்க ஆரம்பித்தேன். நான் நிதானமாகப் படித்து முடிக்கும்வரை வரி திரையில் இருந்தால் சரி. இதுதான் இப்போது என் விதி.

அப்புறம் பெயர்கள். மேக்ஸின் உயிர் நண்பன் பெயர் கிரேகர்ஸ் கிராம். தமிழில் எழுதிப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்திலேயே வெடிமருந்து எடை வருகிறது, இவரும் எடை போலவே நிற்கிறார். எல்லா இடத்திலும் 'கிரேகர்ஸ்' என்று மட்டும் வைத்தேன். அந்தச் சிரிப்பும் ரொம்ப நேரம் நிற்கவில்லை. 1944 நவம்பரில் ஆஸ்லோவில் ஒரு கஃபேயில் பொறி வைத்திருந்த ஜெர்மானியர்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த இடத்துக்கு வரும்போது ஒரு முழு மாலை ஒரு வரியும் ஓடவில்லை.

இன்னொரு தொல்லை 'கம்பெனி'. நார்வேயிலிருந்து தப்பி வந்தவர்களைச் சேர்த்து பிரிட்டனில் உருவாக்கிய சிறப்புப் படைக்குக் 'கொம்பனி லிங்கே' என்று பெயர். 1941 டிசம்பரில் மோலோய் தாக்குதலில் இறந்த அதன் தலைவர் மார்ட்டின் லிங்கேயின் பெயர் அது. நான் 'லிங்கே கம்பெனி' என்று போட்டிருந்தேன். அந்தப் பகுதியைக் காட்டியபோது, மேக்ஸ் ஸ்காட்லாந்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான் என்று அப்பா நினைத்துக்கொண்டார். 'லிங்கே படை' ஆக்கிவிட்டேன். வேடிக்கை என்னவென்றால், போர் முடிந்தபின் மேக்ஸ் நிஜமாகவே ஒரு கம்பெனி தொடங்கினார், அலுவலகச் சாமான்கள் விற்க.

அதிக நேரம் பிடித்த சொல் அந்த வெடிக்கானது. கப்பலின் அடிப்பக்கத்தில், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் சின்ன வெடி. பாறையை விடாமல் பற்றிக்கொள்ளும் ஒரு கடல் நத்தையின் பெயரை அதற்கு ஆங்கிலத்தில் வைத்திருக்கிறார்கள். 'காந்தக் கண்ணிவெடி' நீளம். 'ஒட்டுவெடி' என்று நானே ஒன்று கட்டினேன், நான்கு எழுத்தும் ஒரு புள்ளியும். அது எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் 'நேரம் வை' என்று எழுதக் கை வரவில்லை, தேடிப் படித்தேன். உள்ளே அசிட்டோன் நிரப்பிய கண்ணாடிக் குப்பி. அதை உடைத்தால் அசிட்டோன் ஒரு செல்லுலாய்ட் வில்லையை மெல்லக் கரைக்கும். கரைந்து முடிந்ததும் வெடிக்கும். எவ்வளவு நேரம் வேண்டுமோ அதற்கேற்ற நிறத்தில் குப்பி. தண்ணீர் குளிராக இருந்தால் கரைவதும் தாமதமாகும். பழைய படச்சுருள் செய்த அதே செல்லுலாய்ட்! 1939-இல் பிரிட்டனில் முதல் மாதிரியைச் செய்தபோது அந்த இடத்தில் வைத்தது சோம்பு மிட்டாய். தண்ணீரில் ஒரே சீராகக் கரையும் பொருளாக அவர்களுக்குக் கிடைத்தது அதுதான்.

நான்காவது வாரம்

நான் வேலை செய்தது ஆங்கில சப்டைட்டிலை வைத்து. அது எதையெல்லாம் விழுங்கியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள நார்வேஜிய மொழி தெரிந்த ஒருவர் வேண்டும். நண்பனின் அக்கா ஒருவர் யாழ்ப்பாணத்திலிருந்து போய் முப்பது வருடத்துக்கு மேலாக ஆஸ்லோவில் இருக்கிறார். சனிக்கிழமைகளில் வீடியோ அழைப்பில் என்னோடு உட்கார்ந்தார்.

முதல் சண்டையே ஊர்ப் பெயரில். "தம்பி, அது என்ன நார்வே? நாங்கள் நோர்வே எண்டுதான் எழுதுறனாங்கள். ஆஸ்லோவும் இல்லை, ஒஸ்லோ." சரி, உள்ளூர்க்காரர்கள் எப்படிச் சொல்வார்கள் என்று கேட்டேன். "உஷ்லு." இருவரும் தோற்றோம். இப்போது இரண்டு கோப்பு வைத்திருக்கிறேன், அப்பாவுக்கு ஒன்று, அக்கா வீட்டுக்கு ஒன்று. தேடி மாற்றும் கட்டளை ஒன்று போதும்.

எதிர்ப்பு இயக்கத்தில் இருந்த இளைஞர்களை நார்வேயில் 'குத்தா' என்று சொல்வார்களாம், பையன்கள் என்று அர்த்தம். நான் 'வீரர்கள்' என்று போட்டிருந்தேன். அக்கா தலையாட்டினார். "வீரர் எண்டா கதை மாறிப்போடும். எங்கட ஊரில பெடியள் எண்டு சொல்லுவினமே, அதுதான்." அப்புறம் கொஞ்ச நேரம் அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அப்பாவின் கோப்பில் 'பசங்க', அவருடையதில் 'பெடியள்'.

அடுத்தது குவிஸ்லிங். ஜெர்மானியர் நுழைந்த அன்று மாலையே வானொலியில் தன்னைப் பிரதமர் என்று அறிவித்துக்கொண்டவர் விட்குன் குவிஸ்லிங். அதே மாதத்தில் ஆங்கிலப் பத்திரிகைகள் அவர் பெயரைத் துரோகிக்கான பொதுச் சொல்லாக எழுதத் தொடங்கிவிட்டன. நமக்குத்தான் எட்டப்பன் இருக்கிறாரே, போட்டால் என்ன? போட்டேன். அரை மணி நேரத்தில் எடுத்தேன். ஆஸ்லோவின் பனியில் நிற்கும் மனிதன் வாயில் 'எட்டப்பன்' வந்ததும், அடுத்த நொடி சிவாஜி கணேசன் வந்து வரி தர முடியாது என்று முழங்குவார் போலத் தோன்றுகிறது. தவிர, அந்தக் காலத்தில் குவிஸ்லிங் உயிரோடு பதவியில் இருந்தவர். சுட்டுக் கொல்லப்பட்டது 1945 அக்டோபரில். ஆளைச் சொல்லும்போது 'குவிஸ்லிங்', வசவாக வரும்போது 'துரோகி'. அப்பாவுக்கு நேரில் விளக்கும்போது மட்டும் எட்டப்பனைப் பயன்படுத்திக்கொண்டேன், ஒரே நொடியில் புரிந்தது.

ஐந்தாவது வாரம்

ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே முன்னிலைச் சொல். தமிழில் ஒவ்வொரு வாக்கியத்திலும் முடிவு செய்தாக வேண்டும். மேக்ஸும் கிரேகர்ஸும் 'நீ', சில இடங்களில் 'டா'. அதிகாரிகளிடம் 'நீங்கள்'. ஜெர்மன் ரகசியப் போலீஸான கெஸ்டாபோவின் அதிகாரி ஃபேமருக்கு எல்லோரிடமும் 'நீங்கள்' வைத்தேன், அவர் எவ்வளவு மரியாதையாகப் பேசுகிறாரோ அவ்வளவு பயமாக இருக்கிறது.

சிக்கல் டிக்கென் வரும் காட்சிகள். நடுநிலை நாடான ஸ்வீடனின் தலைநகர் ஸ்டாக்ஹோமில் பிரிட்டிஷ் தூதரக வேலையில் இருந்தவர், பிறகு மேக்ஸை மணந்தவர். 'நீங்கள்' எந்த வரியில் 'நீ' ஆகிறது? தமிழ்ப் படத்தில் என்றால் அந்த ஒரு வரிக்கே ஒரு பாட்டு வைப்பார்கள். நடிகர்கள் முகத்தைப் பார்த்துப் பார்த்து மூன்று முறை இடம் மாற்றினேன். காதல் பகுதி கொஞ்சம் அவசரமாக ஓடுகிறது என்பது என் அபிப்பிராயம். எனக்கே இடம் கிடைக்காததற்கு அதுவும் காரணம்.

ஆறாவது வாரம்

கடைசி அரை மணி நேரம் 'டோனாவ்' கப்பல். டான்யூப் நதியின் ஜெர்மன் பெயர் அது. தமிழில் டான்யூப் என்று போட்டால் நதி என்று நினைப்பார்கள், அதனால் டோனாவ் என்றே விட்டேன். 1942 நவம்பர் 26 அன்று நார்வேயின் யூதர்கள் 500-க்கும் மேற்பட்டவர்களை ஆஸ்லோவிலிருந்து ஏற்றிக்கொண்டு போன கப்பல் இதுதான். ஸ்டெட்டின் துறைமுகத்தில் இறக்கினார்கள், அங்கிருந்து ரயிலில் ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு. திரும்பி வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

1945 ஜனவரி 16 அன்று மேக்ஸும் அவருடைய தோழர் ராய் நீல்சனும் ஆஸ்லோ துறைமுகத்துக்குள் புகுந்து, ரப்பர் படகில் போய் அதன் அடியில் ஒட்டுவெடிகளை வைத்தார்கள். நடுக்கடலில், ஆழத்தில் வெடிக்க வேண்டும் என்று கணக்கு. கப்பல் தாமதமாகக் கிளம்பியது. அதனால் ட்ரோபாக் என்ற ஊர் அருகிலேயே வெடித்தது, கேப்டன் கப்பலைக் கரையில் ஏற்றிவிட்டார். இந்த இடத்தில் வசனம் குறைவு, எனக்கு வேலையும் குறைவு. ஆனாலும் நேரக்குறிகளைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு வரி கூடச் சீக்கிரம் வந்துவிடக் கூடாது என்று ஒரு பதற்றம்.

ஏழாவது வாரம், சோதனை ஓட்டம்

பென்டிரைவில் போட்டு டிவியில் செருகினேன். கொம்பெல்லாம் எழுத்தை விட்டு ஓடிப் போய் நிற்கிறது, சில இடத்தில் வெறும் கட்டங்கள். எழுத்துருவை மாற்றினாலும் கேட்கவில்லை. கடைசியில் எழுத்தைப் படத்தோடு சேர்த்தே ஒரே கோப்பாக மாற்றினேன். கணினி ஒரு ராத்திரி முழுக்க உறுமியது.

அப்பா ஞாயிறு மத்தியானம் உட்கார்ந்தார். நாற்பது நிமிடம் ஒரு கேள்வியும் இல்லை, எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்புறம் நிறுத்தச் சொன்னார்.

"அந்த ஜெர்மன்காரன் சொன்னதும் இவன் சொன்னதும் ஒரே வார்த்தைதானே? சபோ... சபோன்னு ஏதோ வருதே. நீ ஏன் ஒருத்தனுக்கு 'நாசவேலை', இன்னொருத்தனுக்கு 'தகர்ப்பு'ன்னு போட்டிருக்கே?"

காது இவ்வளவு கூர்மை என்று நினைக்கவில்லை. செய்ததுதான். 'நாசவேலை' நம் செய்தித்தாளில் எப்போதும் போலீஸ் பக்கத்திலிருந்து வரும் சொல்: தண்டவாளத்தில் நாசவேலை, நாசவேலைக்காரர்கள் கைது. நாயகன் வாயில் அதை வைக்க மனம் வரவில்லை. நார்வேஜியனில் 'சபுத்தாஷெ', ஜெர்மனில் 'ஸபோட்டாஜெ', இரண்டும் ஒரே சொல். ஒரே சொல்லை நான்தான் வெட்டி, ஒரு துண்டுக்குக் கறுப்பும் ஒன்றுக்கு வெள்ளையும் அடித்திருக்கிறேன்.

அன்று இரவு அக்காவிடம் சொன்னேன். நார்வேயிலும் அந்தச் சொல் முதலில் அவ்வளவு சுத்தமாக இருக்கவில்லை என்றார். 1942-இல் டெலவோக் என்ற மீனவக் கிராமத்தில் இரண்டு கெஸ்டாபோ ஆட்கள் கொல்லப்பட்டதற்கு, ஜெர்மானியர் கிராமத்தையே தரைமட்டமாக்கி ஆண்களைச் சாக்சன்ஹௌசன் முகாமுக்கு அனுப்பினார்கள். இப்படிப் பழி விழும் என்ற பயத்தில், எதிர்ப்பு இயக்கத்துக்குள்ளேயே பலர் ஆரம்பத்தில் நாசவேலை வேண்டாம் என்றார்கள். கம்யூனிஸ்டுகளின் ஒஸ்வால்ட் குழு முன்பிருந்தே ரயில் பாதையையும் அலுவலகங்களையும் தகர்த்துக்கொண்டிருந்தது. போருக்குப் பின் அவர்களை நாடு பல காலம் கண்டுகொள்ளவில்லை. ஸ்வஸ்திகாவைச் சுத்தியலால் நொறுக்கும் அவர்களுடைய நினைவுச் சின்னம் ஆஸ்லோ ரயில் நிலையத்தில் வைக்கப்பட்டது 2015-இல்தான். அக்கா வேலைக்குப் போகும் வழியில் தினமும் பார்ப்பாராம். நம் படத்தில் இந்தக் குழுவைப் பற்றி மூச்சில்லை.

'தகர்ப்பு' வந்த பதினோரு இடத்தையும் 'நாசவேலை' ஆக்கிவிட்டேன், இரண்டு கோப்பிலும். மேக்ஸ் தன்னைப் பற்றியே அப்படிச் சொல்லும்போது முதலில் காதில் இடறியது. நான்காவது முறை இடறவில்லை.

அப்பா மீதிப் படத்தை இன்னும் பார்க்கவில்லை, எல்லாம் திருத்தியபின் முதலிலிருந்து பார்க்கிறேன் என்கிறார். மிச்சம் 38 வரிகள், முக்கால்வாசி பின்லாந்துப் போர் நினைவுக் காட்சிகளில். மேக்ஸ் ஆஸ்லோவுக்கு முன்பே அங்கே தொண்டராகப் போய் ரஷ்யர்களை எதிர்த்துச் சண்டை போட்டவர். பனியில் யாரோ கத்துகிறார்கள், பாதி வார்த்தை துப்பாக்கிச் சத்தத்தில் போய்விடுகிறது. அக்கா சனிக்கிழமை ஹெட்போன் போட்டுக் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.